ஏற்காட்டு மனப்பேச்சு முகாம்: இரண்டு நாள், 4,800 ரூபாய், தகுமா?

ஒரே ஒரு உரையாடலுக்காக இரண்டு நாள். பேசப் போகிற பேச்சை முன்கூட்டியே மனசுக்குள் ஒத்திகை பார்க்க, ஏற்காட்டில் மாதம் ஒரு சனி, ஞாயிறு நடக்கும் இந்த முகாமின் அடிப்படையே அதுதான். பெண் கேட்டுப் போவது, கூலி உயர்த்திக் கேட்பது, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிப்பதைப் பற்றி வாய் திறப்பது, கேம்பஸ் இன்டர்வியூ, கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பது என்று, அடுத்த ஒரு மாதத்துக்குள் பேசியே ஆக வேண்டிய ஏதோ ஒரு பேச்சோடு வர வேண்டும். "தன்னம்பிக்கை வளரணும்", "நாலு பேர் முன்னாடி நல்லாப் பேசணும்" என்று பொதுவாகச் சொன்னால் சேர்த்துக்கொள்வதில்லை. யாரிடம், எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனை ஒன்றுக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஆளுக்கு 4,800 ரூபாய். ஒரு இரவு தங்கல், ஐந்து வேளைச் சாப்பாடு, நோட்டு, பிறகு 21-ஆம் நாள் ஒரு போன் அழைப்பு எல்லாம் இதில் அடக்கம். ஒரு முறைக்கு 18 பேர்தான், பயிற்சியாளர்கள் இருவர். முகாமின் பெயரை இங்கே போடவில்லை. இதே சரக்கைப் பல பெயர்களில் பலர் நடத்துகிறார்கள். எந்த முகாமில் பணம் கட்டினாலும் எதைப் பார்த்துக் கட்ட வேண்டும் என்பதுதான் வாசிப்பவருக்குப் பயன்படும். எழுதுகிற நாங்கள் இருவரும் பேச்சுப் பயிற்சியையும் மனநல ஆலோசனையையும் தொழிலாகச் செய்பவர்கள். அந்தக் கண்ணோடுதான் இதை எடை போட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வேலை எழுத்து. ஆளுக்கு ஒரு பென்சில், கோடு போட்ட நோட்டு, ஏழு நிமிடம். பேசப் போகிற விஷயத்தைப் பற்றி மனசுக்குள் ஓடுவதை ஓடுகிறபடியே எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, எழுத்து நடை பார்க்கக் கூடாது. பேச்சு வழக்கிலேயே எழுதச் சொல்கிறார்கள், அதுதான் சரி. எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் மனசு உடனே சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றுவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவரிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உயர்த்திக் கேட்க வேண்டிய கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் நோட்டில் இப்படி வரும்: "கேட்டா மூஞ்சி மாறும். போன தடவை மாதிரிதான். பாக்கலாம்னுவாரு. அப்படின்னா இல்லைன்னு அர்த்தம். வேற ஆளுகிட்ட குடுத்துருவாரு. அப்புறம் வீட்டுல என்ன சொல்றது."

இதில் எந்த வரியிலும் யார், எது, எவ்வளவு என்பது கிடையாது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1934-இல் இறப்பதற்கு முன் எழுதியவற்றில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்: உள்பேச்சு சுருங்கிய பேச்சு. யாரைப் பற்றி, எதைப் பற்றி என்பது நமக்கே தெரியும் என்பதால் எழுவாயை விட்டுவிட்டுப் பயனிலை மட்டும் ஓடுகிறது. தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நம் வினைச்சொல்லே ஆளைச் சுமந்துகொண்டு போவதால் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். உள்ளே பத்து நாள் ஓடிய பேச்சு, வியாபாரி முன்னால் போய் நின்றதும், "அண்ணே, அதான்... அந்த விஷயம்... கொஞ்சம் பாத்துச் செய்யணும்" என்று வால் மட்டும் வெளியே வருகிறது. சொன்னவருக்கு எல்லாம் சொல்லிவிட்ட நிறைவு. கேட்டவருக்கு அட்வான்ஸ் கேட்கிறாரா, கூலி கேட்கிறாரா என்பதே விளங்கவில்லை. "பாக்கலாம்" என்று அவர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதை வாயால் விளக்காமல் முகாமில் செய்தே காட்டுகிறார்கள். இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் தெரிந்த பாட்டு ஒன்றை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டுகிறவர் காதில் ராகமும் வரியும் முழுசாக ஓடும். கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை இது. தட்டியவர்கள் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது மூன்றுதான். ஐந்து நிமிட விளையாட்டு, ஆனால் "நான்தான் சொல்லிட்டேனே" என்ற பிடிவாதம் அந்த ஐந்து நிமிடத்தில் கரைகிறது. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

அடுத்தது இரண்டு வண்ணப் பென்சில். எழுதியதில் உண்மையில் நடந்தவற்றுக்கு நீலக் கோடு, ஊகத்துக்குச் சிவப்பு. மேலே உள்ள ஆறு வரியில் நீலத்துக்குத் தகுதியானது "போன தடவை" என்ற இரண்டு சொல்தான். அதையும் தோண்டிக் கேட்டால், போன தடவை வியாபாரி சொன்னது "தீபாவளி முடியட்டும்" என்பதாக இருக்கும். "இல்லை" என்று அவர் சொல்லவே இல்லை. சிவப்பை அடித்துவிடச் சொல்வதில்லை என்பதைக் கவனித்தோம். ஊகம் சில சமயம் சரியாகவும் இருக்கும். ஊகம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தேவை.

ஊகம் ஏன் இவ்வளவு முக்கியம்? நாம் நினைத்திருப்பது நம் குரலில் ஏறி, எதிராளியை நாம் நினைத்த மாதிரியே ஆக்கிவிடும். 1977-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்னைடரும் உடன் இருந்தவர்களும் ஆண்களையும் பெண்களையும் முகம் பார்க்காமல் போனில் பேச வைத்தார்கள். பேசப் போகிற பெண் என்று ஆண்களிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள். சிலருக்கு அழகான படம், சிலருக்கு அப்படி இல்லாதது. எதுவும் அந்தப் பெண்ணுடைய படம் கிடையாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் பிரித்து, எதுவும் தெரியாத வேறு ஆட்களைக் கேட்க வைத்தார்கள். யாரை அழகி என்று ஆண் நினைத்துப் பேசினானோ, அந்தப் பெண்ணின் பேச்சில் சிநேகமும் கலகலப்பும் கூடியிருந்தன. படம் பார்த்தவன் மனசில் இருந்தது, படத்தையே அறியாதவள் குரலில் வந்து உட்கார்ந்தது. "இவர் எப்படியும் தரமாட்டார்" என்று நினைத்துக்கொண்டு போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தோற்றவர் முகத்தோடு நிற்பார். "கஷ்டம்தான், இருந்தாலும் கேக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்கிறவருக்கு மறுக்கிற வழியை அவரே திறந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனக்காட்சி. முகாமின் நடுப்பகுதி இதுதான், பெரும்பாலான இடங்களில் தப்பாகச் சொல்லிக் கொடுக்கப்படுவதும் இதுதான். கண்ணை மூடி "கூலி கிடைத்துவிட்டது, வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்" என்று பார்க்கச் சொல்லும் பயிற்சி ஊரெல்லாம் கிடைக்கிறது. அந்த மாதிரிக் காட்சி பார்த்து முடித்ததும் உடம்பு தளர்ந்து, வேலை முடிந்த சுகம் வந்துவிடும். பாம், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட கல்லூரி மாணவர் சோதனையில், நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் பரீட்சையில் நன்றாக எழுதினார்கள். மார்க்கை மட்டும் கற்பனை செய்தவர்கள் படித்த நேரமும் குறைந்தது.

இதற்கு வெளிநாட்டு ஆய்வு வரை போக வேண்டியதுகூட இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் மனசுக்குள் கோயில் கட்டிய கதை நமக்குத் தெரியும். அதில் எல்லாரும் சொல்வது, காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த மன்னன் கனவில் சிவன் வந்து குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்ன பகுதியைத்தான். பூசலார் என்ன செய்தார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர் முதல் நாளே கும்பாபிஷேகத்தை நினைத்துப் பரவசப்படவில்லை. கையில் காசில்லாதவர், மனசாலேயே பொருள் திரட்டினார், தச்சரைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், உபானம் என்ற அடிவரிசை முதல் சிகரம் வரை ஆகம அளவு தப்பாமல் வரிசையாக ஏற்றினார், சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் எழுப்பினார், குளம் எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். கற்பனைக்கு இதைவிடச் சரியான பாடத்திட்டம் வேறில்லை என்பது எங்கள் கருத்து. முகாமில் பூசலார் பெயரை ஒரு முறைதான் சொல்கிறார்கள், போகிற போக்கில். அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

காட்சி கட்டுகிற முறையை விவரமாகச் சொல்லிவிடுகிறோம், வீட்டிலும் செய்யலாம். முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார வேண்டும். கண் முழுதாக மூட வேண்டாம், பாதி தாழ்ந்தால் போதும். மொத்தம் நான்கு நிமிடம். முதல் நிமிடம் இடம்: கடையின் படி, கண்ணாடிக் கதவு, எடை மெஷின், கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல். இரண்டாவது நிமிடம் எதிராளி: நாம் உள்ளே போகும்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், அன்றைக்கு வெள்ளி விலை ஏறியதா இறங்கியதா, மதியம் சாப்பிட்டாரா. இந்த நிமிடத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள், தாண்டக் கூடாது. மூன்றாவது நிமிடம் முதல் வாக்கியம், வாய் விட்டு: "அண்ணே, போன ஆடியில இருந்து கிலோவுக்கு ஒரே கூலிதான் ஓடுது. பொடி, கேஸ், ஆள் சம்பளம் மூணும் ஏறிருச்சு. கணக்கு எழுதிட்டு வந்திருக்கேன், ஒரு பத்து நிமிஷம் பாக்கறீங்களா?" யார், எது, எவ்வளவு நேரம் மூன்றும் இதில் இருக்கின்றன. நான்காவது நிமிடம் எழுந்து விடைபெறுகிற காட்சி. பதில் எதுவானாலும் "சரிங்கண்ணே, வர்றேன்" என்று எப்படி எழுந்து வருவது என்பதையும் மனசு பார்த்திருக்க வேண்டும்.

நடுவில் வரும் பேச்சை மனப்பாடம் செய்யக் கூடாது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் வாயில் பழகியிருந்தால் போதும். முழுவதையும் உருப்போட்டுப் போனவர், எதிராளி எழுதாத வசனம் ஒன்றைப் பேசியதும் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவார். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், காலையில் செய்வது நல்லது. ராத்திரி படுக்கையில் செய்தால் பத்து நிமிடத்தில் ஒத்திகை புலம்பலாக மாறி, தூக்கம் போய்விடும். இதை முகாமில் நோட்டின் அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து நாற்காலி மாற்றம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வியாபாரியாகவே பேச வேண்டும். மனசுக்குள் நடத்தும் உரையாடல்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹனிகட். அந்த உரையாடல்களில் பெரும்பாலும் நாமே அதிகம் பேசுகிறோம், எதிராளிக்கு வாயே இல்லை என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பழைய சண்டையை மனசில் மறுபடி மறுபடி ஓட்டுவது, அடுத்த சண்டைக்கு அதை உயிரோடு வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. அதனால் இங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாம் ஐந்து வரி பேசினால் எதிராளிக்கும் ஐந்து வரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டறைக்காரர் வாயிலிருந்தே, "உனக்கு ஏத்துனா மத்த பத்துப் பட்டறைக்கும் ஏத்தணுமேப்பா" என்று வரும். அது வந்துவிட்டால் பேச்சின் திசையே மாறும். எல்லாருக்கும் ஏற்றாமல் தனக்கு மட்டும் எந்த வேலைக்கு ஏற்றலாம், அரும்பு வைத்த நுணுக்க வேலைக்கு மட்டும் தனிக் கூலி கேட்கலாமா, சேதாரத்தில் சரிக்கட்டலாமா என்று யோசிக்க வழி கிடைக்கும்.

இந்தப் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை அவசியம், முகாமில் அது சொல்லப்படவில்லை. அடித்தவர், அத்துமீறியவர், மிரட்டியவர் போன்ற ஆட்களுடைய நாற்காலியில் பாதிக்கப்பட்டவரை உட்கார வைக்கவே கூடாது. அது தகுதி பெற்ற மனநல நிபுணர் கூட இருந்து, பல வாரம் தயார் செய்த பிறகு செய்ய வேண்டிய வேலை. விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றி ரத்த அழுத்தம், சர்க்கரை வரை கேட்கிறார்கள். பதற்ற நோய், அண்மையில் நேர்ந்த இழப்பு, எடுத்துக்கொண்டிருக்கும் மனநல மருந்து பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்த இரண்டு வரியைச் சேர்க்காதது பெரிய குறை. அப்படி ஏதாவது இருப்பவர்கள் முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சனிக்கிழமை கடைசி வேலை மூன்று "வந்தால்" வாக்கியங்கள். "அவர் 'பாக்கலாம்' என்றால், 'எந்தக் கிழமை வரட்டும் அண்ணே?' என்று கேட்பேன்." "போன் வந்து எழுந்து போனால், கணக்குத் தாளை எடுத்து நடுவில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன்." "குரல் உயர்ந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுவேன்." ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த முறை இது. தடையையும் செயலையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுவதால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய சுமை குறைகிறது. மூன்றுக்கு மேல் எழுத விடாதது நல்லது. பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

பக்தி இந்த முகாமில் எங்கே வருகிறது என்பதைத்தான் பலரும் கேட்கிறார்கள். ஞாயிறு விடியலில் வருகிறது. ஆறு மணிக்கு வேனில் சேர்வராயன் கோயில் மேட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். 1,600 மீட்டருக்கு மேல் உயரம், மேலே சமவெளி மாதிரி விரிந்த புல்வெளி, காற்று காதைப் பிடுங்கும். குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். கும்பிட விரும்புகிறவர்கள் உள்ளே போகலாம், மற்றவர்கள் வெளியே புல்வெளியில் உட்காரலாம். 20 நிமிடம் மௌனம், அவரவர் வழியில். கிறிஸ்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை, 16-ஆம் நூற்றாண்டிலேயே புனித இஞ்ஞாசியார் இடத்தையும் ஆட்களையும் மனக்கண்ணில் கொண்டுவந்து, நண்பனோடு நண்பன் பேசுவதுபோல இறைவனோடு பேசும் தியான முறையை வகுத்துவைத்தார். தொழுகைக்கு முன் மனசில் நிய்யத் (தொழப்போகிற எண்ணம்) வைக்கிறவர்களுக்கும் உள்ளே முதலில் நேராக்கிக்கொள்வது என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த 20 நிமிடத்துக்கு முகாம் கொடுக்கும் வரிசை எங்களுக்கு மிகவும் பிடித்தது. முதலில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும், தொகை, தேதி உட்பட. கடவுளிடம் சுற்றி வளைப்பவர் மனிதரிடமும் சுற்றித்தான் வளைப்பார். இரண்டாவது, எதிராளி பெயரைச் சொல்லி அவர் வீட்டுக்கும் நல்லது கேட்க வேண்டும். இது மேலுக்குச் செய்தால் ஒன்றும் ஆகாது. மனசறிந்து செய்தவர் மறுநாள் அந்தக் கடைப் படியேறும்போது முகத்தில் இறுக்கம் இருக்காது, இருக்க முடியாது. மூன்றாவது, விட்டுவிடுவது. "என் வேலையைச் செய்துவிட்டேன், மிச்சம் உன் பொறுப்பு" என்று ஒப்படைத்த பிறகு அன்றைக்கு மறுபடி ஒத்திகை பார்க்கக் கூடாது. ஒத்திகை முதலில், பிரார்த்தனை பிறகு, அப்புறம் ஓய்வு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கும்பிட்டுத் திரும்பும் வழியிலேயே மறுபடி மனசுக்குள் வாதாட ஆரம்பிக்கிறார்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட கணக்குத்தான்.

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் மூன்றைக் கலந்து வைத்திருக்கிறோம். செய்திருக்கிற வேலையைப் பார்த்து "நடக்கும்" என்று எதிர்பார்ப்பது ஒன்று. வேலை செய்யாமல் "நடந்துவிட்டது" என்று கனவு காண்பது ஒன்று. நடந்தாலும் நடக்காவிட்டாலும் தன்னைத் தாங்க ஒருவன் இருக்கிறான் என்பது இன்னொன்று. முதல் இரண்டையும் காப்ரியேல் ஓட்டிங்கன், வாடன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் பிரித்துப் பார்த்தார்கள். எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்ததில், குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, மெலிந்துவிட்டதாக இனிமையாகக் கனவு கண்டவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. மூன்றாவது வகை எந்த ஆய்வுக்குள்ளும் எளிதில் அடங்காது. ஆனால் அது இருக்கிறவருக்கு "இல்லை" என்ற பதில் உயிர் போகிற விஷயமாகத் தெரியாது. அதனாலேயே அவர் நடுங்காமல் கேட்பார், மறுப்பைக் கேட்டும் மரியாதை குறையாமல் எழுந்து வருவார். பேச்சுக்குப் பக்தி செய்கிற உதவி இதுதான் என்று நினைக்கிறோம்.

இவ்வளவு நன்றாகக் கட்டியதை ஞாயிறு மதியம் அவர்களே இடிக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். இரண்டரை மணிக்கு வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து, வேண்டியதைக் காலையில் மூன்று தடவை, மதியம் ஆறு தடவை, இரவு ஒன்பது தடவை நடந்துவிட்டதாக எழுதினால் பிரபஞ்சம் கொண்டுவந்து கொடுக்கும் என்கிறார். முந்தின நாள் பூசலாரிடம் கற்றதற்கு நேர் எதிரான பாடம். கிடைக்கவில்லை என்றால், எழுதியவருக்கு நம்பிக்கை போதவில்லை என்பது அவர் பதில். மகள் திருமணம் தட்டிப்போன தாயிடம் இதைச் சொல்வது கொடுமை, அதை யாரும் இறைநம்பிக்கை என்ற பெயரில் விற்கக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டு, சனிக்கிழமை நாற்காலிப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். அங்கே நேரம் போதாமல் 18 பேரில் சிலருக்கு இரண்டாவது சுற்றே கிடைப்பதில்லை.

இன்னொரு தவறு, மனக்காட்சி வராதவர்களைக் கையாளும் விதம். சிலருக்குக் கண்ணை மூடினால் படமே வராது, இருட்டுத்தான். இங்கிலாந்து நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜெமன் 2015-இல் இதற்குப் பெயரே வைத்தார், அஃபேன்டேசியா. நோய் இல்லை, மனம் வேலை செய்யும் விதம் அப்படி. பயிற்சியாளர் ஒருவர் அவர்களிடம் "இன்னும் ஆழமா முயற்சி பண்ணுங்க" என்கிறார். எவ்வளவு முயன்றாலும் வராது, குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அவர்களுக்குக் காட்சிக்குப் பதில் சொல். இடத்தையும் ஆளையும் வாயால் விவரிக்கச் சொல்லலாம், அல்லது கடையின் வரைபடத்தைத் தாளில் போட்டு விரலால் நடந்து காட்டச் சொல்லலாம். பலன் குறையாது.

ஒரு சின்ன உத்தி, இங்கே சொல்லித்தருவதில் விலை மதிப்பில்லாதது: பதறும்போது உள்பேச்சில் "நான்" என்பதை விட்டுவிட்டுத் தன் பெயரையே சொல்லி அழைப்பது. "நான் என்ன பண்ணுவேன்" என்பதற்குப் பதில், "செல்வம், இப்ப என்ன பண்ணணும்?" மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் க்ராஸ் குழு 2014-இல் காட்டியது இது, மேடைப் பேச்சுக்கு முன் இப்படிச் செய்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வீட்டில் பெரியவர்கள் கூப்பிடும் பெயரைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். "கண்ணு, பதறாத" என்று அம்மா குரலில் ஓடுகிற உள்பேச்சு, பள்ளிக்கூட ரெஜிஸ்டர் பெயரைவிடச் சீக்கிரம் அடங்கவைக்கும் என்பது கேட்டாலே விளங்கும்.

21-ஆம் நாள் போன் அழைப்பு 15 நிமிடம். ஜெயித்தீர்களா என்று கேட்பதில்லை. முதல் வாக்கியம் ஒத்திகை பார்த்தபடி வந்ததா, எதிராளி எந்த இடத்தில் நீங்கள் எழுதாத வசனத்தைப் பேசினார், அவரைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள் என்ற மூன்று கேள்விதான். கேள்விகள் நன்று. ஆனால் அழைப்பைத் தவறவிட்டால் மறுபடி கூப்பிடுவதில்லை. பட்டறை இரைச்சலில் போன் எடுக்காதவருக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கும் இது அநியாயம். பணம் கட்டும்போதே வசதியான நேரத்தை எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு எளிமை, சுத்தம். சனி மாலை தட்டுவடை செட்டும் மலைக் காப்பியும் நன்றாகவே இருக்கின்றன, ஞாயிறு மதிய ரசம் மட்டும் தண்ணீர். தங்கும் அறையில் மூன்று பேர், வெந்நீர் காலை ஐந்தரைக்கு மேல்தான் வரும். பெண்களுக்குத் தனிக் கட்டிடம்.

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸின் முன்பக்கம் உட்காருங்கள். ஒண்டிக்கடையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதை நெரிசலில் முதல் பயிற்சி தவறிவிடும், அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் விடியலில் கோயில் மேட்டில் 20 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும் என்பதை நினைவில் வைத்து ஸ்வெட்டரோடு காதுக்கும் ஒரு மப்ளர் எடுத்துப் போங்கள். நீலம், சிவப்பு வண்ணப் பென்சிலைச் சொந்தமாகவே கொண்டுபோய்விடுங்கள், அங்கே ஆறு பேருக்கு ஒரு செட்தான் கொடுக்கிறார்கள்.